கப்பல் ஏறாத நாட்களில் என்ன பேசுவது? குரூஸ் நண்பர்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூஸ் கப்பல் என்றால் பைத்தியமாக இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, கோவை, சிங்கப்பூர், டொராண்டோ, சவுத்தாம்ப்டன் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஃபுளோரிடாவில் சில அமெரிக்க நண்பர்களும் உண்டு, அவர்களுக்காக நடுநடுவே ஆங்கிலமும் ஓடும். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதிலை ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

கப்பலில் போவதே வருஷத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் என்ன பேசுவீர்கள்?

சாப்பாடு, டீ, மழை, மாடித் தோட்டம், இன்றைக்கு எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை. கப்பலில் போனவர்களுக்குத் தெரியும், முன்பெல்லாம் ராத்திரி அறைக்குத் திரும்பும்போது மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சடித்த தாள் ஒன்று கட்டில் மேலே இருக்கும். சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், எந்த பாரில் என்ன விசேஷ பானம், சாயங்காலம் என்ன உடை, விநாடி வினா எங்கே என்று எல்லாம் அதில் வந்துவிடும். இப்போது பெரும்பாலும் செல்போன் ஆப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தாள் போனதில் எங்களுக்கு வருத்தம், அதனால் நாங்களே ஒன்று நடத்துகிறோம். தினமும் ஒருவர் முறை போட்டுக்கொண்டு, ஒரு பானம், ஒரு சாப்பாடு, ஒரு துறைமுகம், ஒரு கேள்வி என்று நாலே நாலு வரி போடுவார். நம் வீட்டுத் தினசரி காலண்டரைக் கிழித்தவுடன் ராசிபலன் பார்ப்பது மாதிரி, காலையில் எழுந்ததும் கை தானாக அதைத் தேடும்.

அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு பேச்சு எங்கேயோ போய்விடும். ஒரு நாள் துறைமுகம் பினாங்கு. கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையிலிருந்து இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம், போனால் தமிழ்ப் பாட்டு கேட்கும், டீக்கடை இருக்கும். அங்கே ஆரம்பித்து நாசி கண்டாருக்குப் போனோம். தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் கழி வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, கூவி விற்றதில் வந்த சாப்பாடு அது. அதிலிருந்து எந்தக் குழம்பை எதோடு கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும் என்ற வாக்குவாதம் ராத்திரி வரை நடந்தது. பினாங்கு போகாதவர்கள்தான் அதிகம் வாதாடினார்கள்.

இந்த நட்பு எப்படி ஆரம்பிக்கும்?

பெரும்பாலும் ஒரே தேதியில் ஒரே கப்பலில் டிக்கெட் போட்டவர்கள் பயணத்துக்கு முன்னாலேயே ஒருவரை ஒருவர் தேடிக்கொள்வதில் ஆரம்பிக்கும். எந்த உணவு நேரம் எடுத்தீர்கள், தாய்லாந்தின் ஃபுக்கெட்டில் வண்டி பகிர்ந்துகொள்ளலாமா என்று காரியமாகத்தான் பேசத் தொடங்குவார்கள். கப்பல் கிளம்பும் சாயங்காலம் மேல்தளத்தில் சந்திப்பார்கள். பயணம் முடிந்தபிறகும் பேச்சு நின்றிருக்காது.

தினமும் குட் மார்னிங் படம் போடலாமா?

வேண்டாம். ரோஜாப்பூ, விளக்கு, பொன்மொழி எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டு ஜன்னலில் தெரிவதைப் படம் எடுத்துப் போடுங்கள், சுவரே தெரிந்தாலும் சரி.

என் வாழ்க்கையில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லையே, எதைப் போடுவது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் தனியாக மெசேஜ் அனுப்பி, கூச்சத்தோடு. கப்பல்காரர்கள் என்றால் ஷாம்பெயின் குடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. உண்மையில் கப்பலில் நாங்கள் ரசித்துச் செய்வதெல்லாம் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடிப்பது, தண்ணீரைப் பார்ப்பது, அடுத்த வேளை என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பது, இவ்வளவுதான். இதில் முக்கால்வாசி வீட்டிலேயே நடக்கக்கூடியது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கோவை நண்பர் ஒருவர் டபராவில் காபியும் ஒரு தட்டில் இரண்டு மெதுவடையும் வைத்துப் படம் போட்டார், ஒரு வார்த்தை எழுதவில்லை. சவுத்தாம்ப்டன் அக்காவுக்கு அதைப் பார்த்ததும் குவீன் மேரி 2 கப்பலில் மூன்றரை மணிக்குக் கொடுக்கும் டீ ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளைக் கையுறை போட்ட பரிசாரகர்கள் வரிசையாக வருவார்கள், வாத்தியம் வாசிப்பார்கள், குட்டிக் குட்டி சாண்ட்விச், அப்புறம் ஸ்கோன் என்கிற பன் மாதிரிப் பலகாரம். ஸ்கோன் மேலே முதலில் ஜாம் தடவிப் பிறகு கிரீம் வைப்பது இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள் வழக்கம், டெவன்காரர்களுக்கு முதலில் கிரீம், அதன் மேல் ஜாம். இதற்கு அங்கே ஊர் ஊராகச் சண்டை உண்டாம். உடனே இந்தப் பக்கம் வடையைச் சட்னியில் தொடுவதா, சாம்பாரில் ஊறப்போடுவதா என்று இரண்டு கட்சியாகிவிட்டது. ஃபுளோரிடாக்காரர் வடையில் ஏன் ஓட்டை என்று கேட்டார். நடுவும் சீராக வேகத்தான் என்று சொன்னதும், தன் ஊர் டோனட்டுக்கும் அதே காரணத்தைத்தான் சொல்வார்கள் என்றார். அந்த ஒரு படம் இல்லாவிட்டால் இதில் எதுவும் பேசியிருக்க மாட்டோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். படம் போடும்போது அதில் இருப்பது என்ன என்று சின்னதாகச் சொல்லிவிடுங்கள். "சாயங்காலம்" என்பதைவிட "அம்மா செய்த சுண்டல், காரம் கொஞ்சம் தூக்கல்" என்பது பேச்சுக்கு நல்ல பிடி.

வீட்டிலிருந்தபடி கப்பலைப் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் இலவசமாக. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற ஆப்கள். எல்லாப் பயணிகள் கப்பல்களும் தன் பெயர், இடம், வேகம், போகும் திசை ஆகியவற்றை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்பது 2004-லிருந்து முழுமையாக நடைமுறையில் உள்ள சர்வதேச விதி. அந்தச் சமிக்ஞையைக் கரையில் இருக்கும் ஆண்டெனாக்கள் பிடித்து வரைபடத்தில் காட்டுகின்றன. கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தாண்டினால் அந்த ஆண்டெனாக்களுக்கு எட்டாது, செயற்கைக்கோள் மூலம்தான் பிடிக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் காசு கேட்பார்கள். அதனால் நண்பர் போன கப்பல் நடுக்கடலில் "காணாமல்" போனால் பதற வேண்டாம். புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவை பதறுகிறார்கள்.

இரண்டாவது, துறைமுக வெப்கேமராக்கள். மயாமியிலும் அதற்கு வடக்கே ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள போர்ட் எவர்கிளேட்ஸிலும் 24 மணி நேரமும் நேரலை ஓடும். வார இறுதியில்தான் கூட்டம், வரிசையாக ஏழெட்டு கப்பல் வந்துபோகும். விடியற்காலையில் கப்பல்கள் உள்ளே வருவது கோடைக்காலத்தில் நமக்கு மதியம் இரண்டரை, மூன்று மணி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கச் சரியான நேரம். கிளம்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள், வீட்டில் திட்டும் வாங்குகிறார்கள். ஆனால் கிளம்பும் காட்சிதான் காட்சி. போர்ட் எவர்கிளேட்ஸில் கால்வாய் ஓரத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கிறவர்கள் பால்கனிக்கு வந்து மணி அடிப்பார்கள், கொடி ஆட்டுவார்கள், கப்பல் ஹாரன் அடித்துப் பதில் சொல்லும். நம் நண்பர் யாராவது அதில் இருந்தால் எந்தத் தளத்தில் எந்தப் பக்கம் நிற்பார், என்ன நிறச் சட்டை என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார், நாங்கள் எட்டு பேர் நாலு ஊரிலிருந்து அந்தச் சட்டையைத் தேடுவோம். கண்டுபிடித்ததும் வட்டம் போட்ட ஸ்கிரீன்ஷாட் அவருக்குப் போகும். பாதி நேரம் அது வேறு யாரோ.

ஹாரன் விஷயத்தில் குவீன் மேரி 2-க்குத் தனி மரியாதை. அதன் ஊதுகுழல்களில் ஒன்று 1936-இல் ஓடத் தொடங்கிய பழைய குவீன் மேரியிலிருந்து வந்தது. அந்தப் பழைய கப்பல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1967-லிருந்து நிற்கிறது, குரல் மட்டும் இன்னும் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருக்கிறது. யாராவது அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினால் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது.

சென்னையிலிருந்து போகும் கப்பலைப் பற்றி அமெரிக்க நண்பர்கள் ஏன் இவ்வளவு உருகுகிறார்கள்?

கொர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ்தானே? அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் கப்பல் பிரான்சின் சாந்நசேரில் கட்டப்பட்டு 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நாலு நாள் பயணமாக ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஃபுளோரிடாவில் இருந்த எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் கப்பல், பலருக்குத் தேனிலவே அதில்தான். பிறகு எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் ஆனது, 2008-இல் ஸ்பானிய நிறுவனம் ஒன்றுக்குப் போனது, 2016-இல் திரும்பி வந்தது, 2017-இலிருந்து ஹவானாவுக்குப் போனது, 2019-இல் அமெரிக்க அரசு கியூபா கப்பல் பயணங்களை நிறுத்தியதும் அந்த வேலையும் போயிற்று. 2020 கடைசியில் விற்றுவிட்டார்கள். கொரோனா காலத்தில் அந்த வயதுக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதே 1990-இல் வந்த இன்னொரு கப்பல், மும்பையிலிருந்து கர்ணிகா என்ற பெயரில் ஓடியது, குஜராத்தின் அலங் கடற்கரையில் கரையேற்றி உடைக்கப்பட்டது. எம்ப்ரஸ் தப்பித்து மும்பைக்கு வந்து, 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் கிளம்பியது.

அதனால் நீங்கள் அதில் போனால் படம் எடுக்கும்போது உங்கள் முகத்தோடு கப்பலையும் கொஞ்சம் காட்டுங்கள். படிக்கட்டுக் கைப்பிடி, பழைய கண்ணாடி, தரைவிரிப்பு ஓரம், இதெல்லாம்தான் அவர்கள் கேட்கிறார்கள். சென்ற முறை ஒருவர் பஃபேயில் தோசைக்காக நிற்கும் வரிசையைப் படம் எடுத்துப் போட, ஃபுளோரிடாக்காரர் அந்த ஜன்னலைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்து, அங்கேதான் தானும் மனைவியும் தினமும் உட்கார்ந்து முட்டை ஆம்லெட் சாப்பிட்டோம் என்றார். அப்புறம் தோசை எப்படி இருந்தது என்று விசாரித்தார். சுமார்தான் என்று உண்மையைச் சொன்னோம்.

கப்பல் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்ப்பீர்களா?

பார்ப்போமாவது! ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் வேலை. கார்னிவல் நிறுவனக் கப்பல்களின் சாக்லேட் மெல்டிங் கேக்குக்குத்தான் முதல் இடம். டார்க் சாக்லேட்டும் வெண்ணெயும் உருக்கி, முட்டை, சர்க்கரை, பேருக்குக் கொஞ்சம் மைதா சேர்த்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் வைக்க வேண்டும். ஓரம் வெந்து, கிண்ணத்தை ஆட்டினால் நடுவில் மட்டும் தளும்ப வேண்டும், அந்த நேரத்தில் வெளியே எடுத்துவிடணும். ஒரு நிமிஷம் விட்டால் சாதா கேக். ருசியில் குறையில்லை, ஆனால் கூட்டத்தில் மதிப்பிருக்காது.

எனக்குப் பிடித்தது பட்டாணி சூப். ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனக் கப்பல்கள் அலாஸ்காவின் கிளேசியர் பே பனியாறுகளுக்கு முன்னால் மெதுவாக நகரும்போது, குளிரில் வெளித்தளத்தில் நிற்கிறவர்களுக்கு டச்சுக்காரர்களின் பட்டாணி சூப்பைக் கோப்பையில் கொடுப்பார்கள். கரண்டியை நட்டால் நிற்கிற கெட்டி. அசலில் பன்றி இறைச்சி உண்டு, நம் சைவக்காரர்கள் அதை விட்டுவிட்டு, உடைத்த பச்சைப் பட்டாணியைக் கேரட், வெங்காயத்தோடு குக்கரில் நாலு விசில் வைத்து மிளகு தட்டிப் போடுகிறார்கள். சென்னையில் மார்கழி மாதம் ஏசியைப் 18-இல் வைத்து, கம்பளி போர்த்திக்கொண்டு குடித்த மகானுபாவர் ஒருவர் இருக்கிறார். டேப்லெட்டில் பனிப்பாறை வீடியோ வேறு ஓடியது.

துண்டு யானை, ரப்பர் வாத்து, இதெல்லாம் என்ன?

சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்யும் ஊழியர் துண்டை மடித்து யானை, நாய், குரங்கு என்று பொம்மை செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். யானை சுலபம். பெரிய துண்டை இரண்டு குறுகிய ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இறுக்கமாகச் சுருட்டி, அப்படியே பாதியாக வளைத்து நிறுத்தினால் நாலு கால் வந்துவிடும். தும்பிக்கையும் காதும் சின்னத் துண்டில் தனியாகச் செய்து மேலே வைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்குச் செய்து காட்டிப் படம் போடுங்கள். நம் ஊர்த் தேங்காய்ப்பூ டவலில் நன்றாக நிற்கும், மெல்லிய ஈரிழைத் துண்டில் யானை உட்கார்ந்துவிடும்.

வாத்து வேறு கதை. சின்ன ரப்பர் வாத்தைக் கப்பலின் மூலைமுடுக்கில் ஒளித்துவைப்பார்கள், கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். 2018-வாக்கில் அமெரிக்காவில் ஒரு சிறுமி ஆரம்பித்து வைத்ததாம். சிலர் உயிரை விடுகிறார்கள், எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. கடைப் பொருட்களுக்குள்ளும் உயிர்காப்பு உபகரணங்கள் பக்கத்திலும் மட்டும் ஒளிக்காதீர்கள்.

மற்றவர்கள் போகும்போது பொறாமையாக இருக்காதா?

இருக்கும். இல்லை என்கிறவரை நம்ப வேண்டாம்.

அதனால்தான் சில பழக்கங்களை வைத்திருக்கிறோம். யார் எவ்வளவு கொடுத்து எந்த அறை எடுத்தார்கள் என்பதைக் கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை. ஜன்னலே இல்லாத உள்ளறையில் போகிறவர்தான் எங்களில் அதிகம், அந்த அறையின் இருட்டில் வருகிற மாதிரித் தூக்கம் வேறெங்கும் வராது என்பது அவர்கள் கட்சி. உடம்பு முடியாத அம்மாவை விட்டு நகர முடியாதவர், வேலை போனவர், பயணம் வேண்டாம் என்று டாக்டரால் தடுக்கப்பட்டவர் எல்லோரும் கூட்டத்தில் உண்டு. கப்பலில் இருப்பவர் அவர்களிடம் "இன்று எனக்கு மெனுவில் எதை ஆர்டர் பண்ணட்டும்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதையே சாப்பிட்டு, எப்படி இருந்தது என்று ஒழுங்காக எழுத வேண்டும். நத்தை சாப்பிடச் சொல்லிப் பழிவாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

"நீங்களும் சீக்கிரம் போவீர்கள்" என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம். கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது.

கப்பலில் இன்டர்நெட் கிடைக்குமா?

கிடைக்கும், காசுக்கு. 2022-க்குப் பிறகு ஸ்டார்லிங்க் வந்த கப்பல்களில் வேகம் நன்றாகவே இருக்கிறது. ஏறியதும் செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, கப்பல் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செல்போன் கோபுரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, ரோமிங் பில் டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வைஃபை வாங்காமல் போவதும் நல்லதுதான், கரையில் இறங்கும்போது மொத்தமாக அனுப்புங்கள், காத்திருப்போம்.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

டிக்கெட், போர்டிங் பாஸ், பெட்டியில் கட்டும் சீட்டு ஆகியவற்றைப் படம் எடுத்துப் போடாதீர்கள். புக்கிங் எண்ணும் பெயரும் தெரிந்தால் உங்கள் பயண விவரத்துக்குள் யாரும் நுழைந்துவிடலாம். அறை எண்ணைச் சொல்லாதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிற தேதியை நாலு நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் சொல்ல வேண்டாம். ஊழியர்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், அவர்கள் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் வேலை பார்க்க வந்தவர்கள், நமக்குக் காட்சிப்பொருள் கிடையாது. பணம் கேட்டு யாராவது மெசேஜ் அனுப்பினால் பழைய நண்பராகவே இருந்தாலும் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

நம் பண்டிகை, பழக்கமெல்லாம் வெளிநாட்டு நண்பர்களுக்குப் புரியுமா?

சொன்னால் புரியும். திருச்சி அம்மா ஒருவர் நவராத்திரி கொலுவில் செட்டியார் பொம்மை, கல்யாண செட்டு எல்லாவற்றுக்கும் கீழே, தட்டில் நீல ரங்கோலிப் பொடி தூவிக் கடலாக்கி, பேரனின் பொம்மைக் கப்பலை நிறுத்தியிருந்தார். படிகள் ஏன் ஒற்றைப்படையில் என்று டொராண்டோவிலிருந்து கேள்வி வந்தது. கப்பலில் உயிர்காப்புப் படகு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஒரு பக்கம் விழுந்துவிட்டதே என்று ஃபுளோரிடாவிலிருந்து புகார் வந்தது. மறுநாள் தீப்பெட்டியில் செய்து ஒட்டிவிட்டார்.

பரிசு அனுப்பலாமா?

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் போதும். கப்பல் அறைச் சுவர்களும் கதவும் பெரும்பாலும் இரும்பு, எந்தக் காந்தமும் ஒட்டும், அவர் அதை அடுத்த பயணத்துக்கும் எடுத்துப் போவார். ஊறுகாய் கூரியரில் அனுப்ப வேண்டாம். எண்ணெய் ஒழுகும், அப்புறம் சுங்கத்துக்காரர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.

சண்டை வருமா?

நீச்சல் குளத்து நாற்காலியில் விடிகாலையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு மதியம் வரை ஆளே வராமல் இருப்பது நியாயமா என்பதில் வரும். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் நம் ஆட்கள் இதில் கொஞ்சம் பலவீனமான கட்சி. டிப்ஸ் பற்றியும் வரும். இரண்டுக்கும் ஒரு நாள் அனுமதி, மறுநாள் அட்மின் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் இதுவரை கப்பலில் ஏறியதே இல்லை. சேரலாமா?

தாராளமாக. ஏறாதவர்கள் கேட்கிற கேள்விகள்தான் சுவாரசியம். அறிமுகத்தில் பெயரும் ஊரும் போதும், அதோடு இன்று மதியம் என்ன சாப்பாடு என்று எழுதுங்கள். சாம்பார் என்றால் என்ன காய் போட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் எப்படியும் யாராவது கேட்பார்கள்.